யூரியா மூட்டையில் ஏன் 46? வாய்ப்பாட்டு நிறையும் சதவீத இயைபும்

உரக்கடையில் அடுக்கி வைத்திருக்கும் யூரியா மூட்டைகளைப் பாருங்கள். எந்த ஆலையில் தயாரானதாக இருந்தாலும், அதன் மேல் நைட்ரஜன் 46 சதவீதம் என்றுதான் அச்சிட்டிருக்கும். விவசாயிகள் இந்த எண்ணை நாள்தோறும் பார்க்கிறார்கள், அதை வைத்தே ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அது ஏன் 46? ஏன் 40 இல்லை, ஏன் 50 இல்லை?

பத்தாம் வகுப்பில் சதவீத இயைபு, அதாவது ஒரு பொருளின் நிறையில் ஒவ்வொரு தனிமமும் எத்தனை சதவீதம் என்ற பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்டாள். "சார், எங்க அப்பா வாங்குற மூட்டையில 46னு போட்டிருக்கே, அதுவும் இந்தக் கணக்குதானா?" அதே கணக்குதான். கரும்பலகையில் ஆறு வரியில் போட்டு முடித்தோம். விடை 46.67 என்று வந்ததும் அவள் முகத்தில் தெரிந்த வியப்பை நான் மறக்கவில்லை. தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் என்று நாம் ஒதுக்கிவிடும் இந்தக் கணக்கு உர மூட்டையிலும் மாத்திரை அட்டையிலும் உப்புப் பொட்டலத்திலும் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். வாய்ப்பாடு என்று இங்கே சொல்வது பெருக்கல் வாய்ப்பாட்டை இல்லை, ஒரு பொருளில் எந்தெந்த அணு எத்தனை என்று காட்டும் குறியீட்டை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை, வாய்ப்பாடு என்று எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் திணிவு, சூத்திரம் என்று எழுதும். 'ஒப்பு' என்பதற்கு அங்கே 'சார்'. பெயர்கள்தான் வேறு, கணக்கு ஒன்றே.

குன்றிமணியும் கார்பனும்

ஒப்பு என்ற சொல்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. அந்தக் காலத்துப் பொற்கொல்லர் தங்கத்தைக் குன்றிமணி வைத்து நிறுத்தார். ஒரு மூக்குத்தி நான்கு குன்றிமணி எடை என்றால், நான்கு குன்றிமணிக்குச் சமம் என்று பொருள். ஒரு குன்றிமணி எத்தனை மில்லிகிராம் என்று அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மணியோடு ஒப்பிட்டால் போதும்.

அணுக்களுக்கும் இப்படி ஒரு குன்றிமணி உண்டு. கார்பன்-12 என்னும் அணுவைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்ததாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கின் நிறையை 1 என்று கொள்கிறோம். வேதியியலாளர்களும் இயற்பியலாளர்களும் வெவ்வேறு ஆக்சிஜன் அளவுகோல்களை வைத்துக்கொண்டிருந்த குழப்பத்தைத் தீர்க்க, 1961இல் உலகம் முழுவதற்குமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் இது. ஆக்சிஜனின் ஒப்பு அணு நிறை 16 என்றால், ஓர் ஆக்சிஜன் அணு அந்தப் பங்கைப் போல் 16 மடங்கு கனம். வெறும் மடங்கு என்பதால் இதற்கு அலகு கிடையாது. விடைத்தாளில் 16 கிராம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இந்தக் கட்டுரைக்கு வேண்டிய எண்கள் இவ்வளவுதான்: ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23, பாஸ்பரஸ் 31, கந்தகம் 32, குளோரின் 35.5, கால்சியம் 40, தாமிரம் 63.5, துத்தநாகம் 65.4. குளோரினுக்கு மட்டும் ஏன் அரை என்று கேட்பீர்கள். அரை குளோரின் என்று எதுவும் இல்லை. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் 35 நிறையுள்ள அணுக்கள் ஏறக்குறைய மூன்று பங்கும், 37 நிறையுள்ளவை ஒரு பங்கும் கலந்திருக்கின்றன. மூன்று 35, ஒரு 37 கூட்டி நான்கால் வகுத்தால் 35.5.

யூரியாவைப் பிரித்துப் பார்ப்போம்

யூரியாவின் வாய்ப்பாட்டை இடமிருந்து வலமாக வாசித்தால், ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும், அடைப்புக்குறிக்கு வெளியே கீழே ஒரு சின்ன 2. அந்தச் சின்ன 2 அடைப்புக்குறிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குகிறது. ஆகவே நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு.

கார்பன்: 1 × 12 = 12
ஆக்சிஜன்: 1 × 16 = 16
நைட்ரஜன்: 2 × 14 = 28
ஹைட்ரஜன்: 4 × 1 = 4
மொத்தம்: 60

இந்த 60தான் யூரியாவின் ஒப்பு வாய்ப்பாட்டு நிறை. வாய்ப்பாட்டில் உள்ள அணுக்களின் நிறைகளைக் கூட்டியிருக்கிறோம், வேறொன்றும் செய்யவில்லை. இனி நைட்ரஜனின் பங்கு எவ்வளவு? 60 பங்கில் 28 பங்கு. 28ஐ 60ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 46.67. மூட்டையில் இருக்கும் எண் இதுதான்.

அந்த 0.67 எங்கே போயிற்று என்று உடனே கேள்வி வரும், வரவும் வேண்டும். நாம் போட்டது முழுத் தூய்மையான யூரியாவுக்கான கணக்கு. ஆலையில் தயாராகும் யூரியாவில் கொஞ்சம் ஈரமும், தயாரிப்பின்போது உண்டாகும் பையூரெட் போன்ற துணைப் பொருள்களும் இருக்கும். மூட்டையில் அச்சிடுவது வாங்குபவருக்குத் தரும் குறைந்தபட்ச உறுதி. அதனால் 46 என்று நிறுத்திக்கொள்கிறார்கள். 45 கிலோ மூட்டையை வயலில் இறைத்தால் மண்ணுக்குப் போகும் நைட்ரஜன் 45 × 0.46, அதாவது 20.7 கிலோ. மீதி கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன்.

மற்ற மூன்றுக்கும் இதே முறைதான். கார்பன் 20, ஆக்சிஜன் 26.67, ஹைட்ரஜன் 6.67. நான்கையும் கூட்டினால் 100.01 வரும். தவறு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம், ஒவ்வொன்றையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கியதால் வந்த துளி அது. ஆனால் கூட்டுத்தொகை 93 என்றோ 108 என்றோ வந்தால் எங்கோ ஒரு அணுவை விட்டுவிட்டீர்கள், அல்லது இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள். கடைசியில் இப்படிக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் ஒரு நிமிடம்தான் எடுக்கும், பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

இதே யூரியாவில் இன்னொன்றையும் கவனியுங்கள். மொத்தம் எட்டு அணுக்கள், அவற்றில் நான்கு ஹைட்ரஜன். எண்ணிக்கையில் சரிபாதி. ஆனால் நிறையில் ஹைட்ரஜனின் பங்கு 6.67 சதவீதம்தான். நைட்ரஜனோ எட்டில் இரண்டு, கால்வாசி. நிறையிலோ ஏறக்குறைய பாதி. கூடையில் நான்கு நெல்லிக்காயும் இரண்டு தேங்காயும் இருந்தால் கூடையைத் தூக்குபவருக்குக் கனப்பது எது? சதவீத இயைபு என்பது நிறையின் பங்கு. அணுக்களை எண்ணி வகுத்துவிட்டு விடை எழுதிய தாள்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு வகுத்தல் நன்றாகவே வருகிறது. எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

உப்புக்கு மூலக்கூறு இல்லை

யூரியாவின் 60ஐ மூலக்கூறு நிறை என்றும் சொல்லலாம், ஏனென்றால் யூரியா தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது. சமையல் உப்பு அப்படியில்லை. ஒரு கல் உப்பை எவ்வளவு நுணுக்கிப் பார்த்தாலும் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் ஜோடி சேர்ந்த தனி மூலக்கூறு கிடைக்காது. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (அயனி என்றால் மின்சுமை பெற்ற அணு) மாறி மாறி, மேலும் கீழும் பக்கவாட்டிலும், படிகம் முழுக்க அடுக்கியிருக்கும். வாய்ப்பாடு சொல்வது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே. அதனால்தான் வாய்ப்பாட்டு நிறை என்ற பொதுப்பெயர் தேவைப்படுகிறது. அது மூலக்கூறு உள்ளதற்கும் பொருந்தும், இல்லாததற்கும் பொருந்தும்.

உப்புக்கு 23 + 35.5 = 58.5. சோடியத்தின் பங்கு 39.3 சதவீதம். இதைத் தெரிந்துகொண்டால் மருத்துவர் சொல்வதும் விளங்கும். ஒரு நாளைக்குச் சோடியம் 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதையே 5 கிராம் உப்பு என்றும் சொல்கிறது. இரண்டும் ஒன்றுதான், 5 × 0.393 = 1.97. பிஸ்கட் பொட்டலத்தில் 'சோடியம்' என்று போட்டிருக்கும் எண்ணை உப்பின் அளவு என்று எண்ணிவிடாதீர்கள். உப்பாகப் பார்க்க அதை இரண்டரையால் பெருக்க வேண்டும்.

கால்சியம் மாத்திரை அட்டையும் இதையேதான் சொல்கிறது. கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று ஒரு வரி, அதற்குச் சமமான கால்சியம் 500 மில்லிகிராம் என்று அடுத்த வரி. 40 + 12 + 48 = 100, அதில் கால்சியம் 40. 1250இல் 40 சதவீதம் 500. கால்குலேட்டர்கூட வேண்டாம்.

அடைப்புக்குறியும் புள்ளியும்

அடைப்புக்குறி யூரியாவிலேயே வந்துவிட்டது. அம்மோனியம் சல்பேட்டில் அது இன்னும் பொல்லாதது. அடைப்புக்குறிக்குள் ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும், வெளியே 2. பிறகு ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன். சரியான கூட்டல் 28 + 8 + 32 + 64 = 132. நைட்ரஜன் 21.2 சதவீதம். சிலர் வெளியே உள்ள 2ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நைட்ரஜனை ஒன்றாகவே விட்டுவிடுவார்கள். விடை 12 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஒரு மூட்டை யூரியா தரும் 20.7 கிலோ நைட்ரஜனைப் பெற அம்மோனியம் சல்பேட் ஏறக்குறைய 100 கிலோ வேண்டும், அதாவது இரண்டு 50 கிலோ மூட்டை. இந்தத் தவறான விடையை நம்பினால் அது ஏறக்குறைய மூன்றரை மூட்டையில் போய் நிற்கும்.

இனி புள்ளி. மயில்துத்தத்தை எடுத்துக்கொள்வோம். அழகான நீலப் படிகம். அதன் வாய்ப்பாட்டில் ஒரு தாமிரம், ஒரு கந்தகம், நான்கு ஆக்சிஜன், பிறகு நடுவில் ஒரு புள்ளி, அதன்பின் ஐந்து நீர். கணக்கில் புள்ளியைப் பெருக்கல் குறியாகப் பார்த்துப் பழகிய மாணவர்கள் 159.5ஐ 90ஆல் பெருக்கிப் பதினான்காயிரத்துக்கு மேல் ஒரு விடையைக் கொண்டுவந்து நிற்பார்கள். இந்தப் புள்ளிக்கு 'உடன்' என்று பொருள் கொள்ளுங்கள். தாமிர சல்பேட்டு, உடன் ஐந்து நீர். 159.5 + 90 = 249.5. நீரின் பங்கு 90ஐ 249.5ஆல் வகுக்க, 36.07 சதவீதம்.

உலர்ந்து கலகலவென்று இருக்கும் படிகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் என்றால் யார் நம்புவார்கள்? பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் இதைக் கண்ணால் காணலாம். ஒரு பீங்கான் மூசையில் சரியாக 5 கிராம் மயில்துத்தப் பொடியை எடுத்து மெல்லிய தீயில் சூடாக்குங்கள். முதலில் விளிம்புகள் வெளுக்கும், பிறகு நீலம் உள்ளே உள்ளே சுருங்கி, கடைசியில் கிண்ணம் முழுக்கச் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. இதையே சோதனைக் குழாயில் செய்தால் குழாயின் வாயருகே நீர்த்துளிகள் கோப்பதைப் பார்க்கலாம். ஆறிய பின் நிறுத்தால் 3.2 கிராம் இருக்கும். போனது 1.8 கிராம், 5இல் 36 சதவீதம். காகிதத்தில் போட்ட கணக்கும் தராசு முள்ளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆறிய வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடம் சுரீரென்று நீலமாகும், பொடி லேசாகச் சூடாகவும் செய்யும். தீ அதிகமானால் சல்பேட்டே சிதைந்து கறுத்துவிடும் என்பதால் பொறுமை வேண்டும். மயில்துத்தம் நச்சு, கையைக் கழுவ மறக்காதீர்கள்.

இந்தப் படிகநீர் பையில் உள்ள பணத்தையும் தொடுகிறது. நெல் வயலில் துத்தநாகக் குறைக்கு இடும் ஜிங்க் சல்பேட் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்றில் ஏழு நீர், இன்னொன்றில் ஒரே ஒரு நீர். ஏழு நீர் உள்ளதற்கு வாய்ப்பாட்டு நிறை 287.4, துத்தநாகம் 22.8 சதவீதம். ஒரு நீர் உள்ளதற்கு 179.4, துத்தநாகம் 36.5 சதவீதம். பைகளில் குறைந்தபட்ச அளவாக 21 என்றும் 33 என்றும் இருக்கும். ஹெக்டேருக்கு 25 கிலோ என்று வழக்கமாகச் சொல்வது ஏழு நீர் உள்ள வகையை. அதில் துத்தநாகம் 5.25 கிலோ. மற்ற வகையில் அதே துத்தநாகம் 16 கிலோவிலேயே வந்துவிடும். விலையைக் கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். துத்தநாகத்துக்குத் துத்தநாகம் ஒப்பிட வேண்டும்.

டிஏபியின் 46

யூரியாவில் 46ஐப் புரிந்துகொண்ட அந்த மாணவி மறுவாரமே அடுத்த கேள்வியோடு வந்தாள். டிஏபி மூட்டையில் 18:46:0 என்று இருக்கிறது. நைட்ரஜன் 18, பாஸ்பரஸ் 46, பொட்டாஷ் இல்லை. அவளே கணக்குப் போட்டிருந்தாள், ஆனால் 46 வரவில்லை.

டிஏபி என்பது டை அம்மோனியம் பாஸ்பேட். இரண்டு அம்மோனியம், ஒரு தனி ஹைட்ரஜன், ஒரு பாஸ்பரஸ், நான்கு ஆக்சிஜன். நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 8 + 1 = 9, பாஸ்பரஸ் 31, ஆக்சிஜன் 64. மொத்தம் 132. அம்மோனியம் சல்பேட்டுக்கும் 132தானே என்று சந்தேகம் வரலாம். இரண்டும் சரியே. அங்கே கந்தகம் 32 இருந்த இடத்தில் இங்கே பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்து 32. பாஸ்பரஸின் பங்கு 31ஐ 132ஆல் வகுக்க 23.5 சதவீதம். முழுத் தூய டிஏபியிலேயே அவ்வளவுதான் இருக்க முடியும். பிறகு மூட்டையில் அதைப் போல் இரண்டு மடங்கு எப்படி?

அவள் கணக்கு சரி. மூட்டையில் உள்ள 46 பாஸ்பரஸ் தனிமத்தின் அளவு இல்லை, அதை பாஸ்பரஸ் பென்டாக்சைடாக மாற்றிச் சொன்ன அளவு. மண்ணையும் சாம்பலையும் ஆராய்ந்த பழைய வேதியியலாளர்கள் தனிமங்களை அவற்றின் ஆக்சைடாகக் கணக்கிட்டுச் சொன்னார்கள், அந்த வழக்கம் உரத்துறையில் இன்றும் நிலைத்துவிட்டது. உண்மையில் பென்டாக்சைடு என்று எதுவும் மூட்டைக்குள் இல்லை. அதன் வாய்ப்பாட்டில் இரண்டு பாஸ்பரஸ், ஐந்து ஆக்சிஜன், ஆக 62 + 80 = 142. பாஸ்பரஸின் பங்கு 43.7 சதவீதம். 46இல் 43.7 சதவீதம் எடுத்தால் 20.1. மூட்டையில் உள்ள உண்மையான பாஸ்பரஸ் இதுதான்.

இப்போது இரண்டு எண்களையும் தூய டிஏபியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நைட்ரஜன் 18, இருக்க வேண்டியது 21.2. பாஸ்பரஸ் 20.1, இருக்க வேண்டியது 23.5. இரண்டையும் வகுத்தால் 0.85க்கு மிக அருகில் வருகின்றன. வெவ்வேறு இரண்டு தனிமங்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன: நூறு கிலோவில் ஏறக்குறைய 85 கிலோ தூய டிஏபிக்குச் சமமான சத்து, மீதி ஈரமும் மூலப்பொருளான பாறை பாஸ்பேட்டிலிருந்து வந்த மற்றவையும். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தது போன்ற மகிழ்ச்சி அது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தின் உச்சம் இந்த இடம்தான்.

வாய்ப்பாடு தவறினால்

இதுவரை வாய்ப்பாடு சரி என்று நம்பியே கூட்டினோம். அது தவறினால் எல்லாம் தவறும். ஜான் டால்டன் 1808இல் வெளியிட்ட அட்டவணையில் ஆக்சிஜனின் எடை 7 என்று இருக்கிறது. அன்றைய அளவீடுகளின் துல்லியக் குறைவு ஒரு காரணம். நீரில் ஹைட்ரஜன் 1 பங்குக்கு ஆக்சிஜன் 8 பங்கு நிறை என்பதுதான் சரி. ஆனால் 8க்கும் 16க்கும் இடையே உள்ள இடைவெளி தராசால் வந்ததில்லை. நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும்தான் இருக்கும், எளிமையானதே உண்மை என்று டால்டன் எடுத்துக்கொண்டார். இரண்டு ஹைட்ரஜன் என்று தெரிந்த பிறகு ஆக்சிஜன் 16 ஆயிற்று. 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் கூடியபோது இத்தாலியரான கன்னிசாரோ இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வழியை எடுத்துரைத்தார். சிக்கல் தோன்றி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

வாய்ப்பாட்டிலிருந்து சதவீதத்துக்குப் போவது எளிது. சதவீதத்திலிருந்து வாய்ப்பாட்டுக்குத் திரும்புவது அவ்வளவு எளிதில்லை. கார்பன் 40, ஹைட்ரஜன் 6.67, ஆக்சிஜன் 53.33 என்று மூன்று எண்களை மட்டும் கொடுத்து இது என்ன பொருள் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். அது குளுக்கோஸாக இருக்கலாம், வாய்ப்பாட்டு நிறை 180. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமாக இருக்கலாம், நிறை 60. பிணத்தைப் பதப்படுத்தும் பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடாகவும் இருக்கலாம், நிறை 30. மூன்றிலும் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்பதே விகிதம். சதவீதம் விகிதத்தை மட்டுமே சொல்லும். எத்தனை மடங்கு என்பதற்கு நிறையைத் தனியாக அளந்தாக வேண்டும்.

நிறையும் தெரிந்துவிட்டால் போதுமா? மீண்டும் யூரியாவிடமே வருவோம். 1828இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரடெரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டைத் தயாரிக்க முயன்றார். கரைசலை வற்றவைத்தபோது கிடைத்த படிகம் சயனேட்டைப் போல நடந்துகொள்ளவில்லை. அது யூரியா, உயிரினங்களின் சிறுநீரில் கிடைக்கும் அதே யூரியா. அம்மோனியம் சயனேட்டிலும் ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். கூட்டினால் அதே 60, நைட்ரஜன் அதே 46.67. எட்டு அணுக்களில் ஒன்றுகூட கூடவில்லை, குறையவில்லை, கைகோத்திருக்கும் வரிசைதான் மாறியிருந்தது. இப்படிப்பட்ட இணைகளுக்கு 1830இல் பெர்சீலியஸ் வைத்த பெயரைத்தான் நம் பாடநூல்கள் மாற்றியம் என்று தமிழில் சொல்கின்றன.